சிவப்பு பல்ப்

"தம்பி, சாவியத் திருப்புங்க. ஸ்டார்ட் பண்ண வேணாம்."

திருப்பினன். ஒயில் லைட் எரிஞ்சுது. பெட்டரி லைட் மட்டும் எரியல்ல.

"அதான் பாருங்க விசயம்" எண்டு மெக்கானிக் நானா சிரிச்சார்.

காலையில இருந்து காத்தான்குடியில கராச் ஒண்டுலதான் நிக்கிறன். அப்பாட பழைய பிக்கப்புக்கு கொஞ்சம் புது மொடல் ஆல்டர்னேட்டர் ஒண்டு போட்டாச்சு, இஞ்சின் ஓடக்குள்ள பெட்டரிக்கு சார்ஜ் ஏத்துறது அதுதான். பழசு 40 அம்பியர், வோல்டேஜக் கட்டுப்படுத்துற ரெகுலேட்டர் வெளியில தனிப் பெட்டியா இருக்கிற சாதி. புதுசுக்கு அது உள்ளுக்குள்ளயே இருக்கு. துருப்பிடிச்ச பெட்டியக் கழட்டி எறிஞ்சு, பெட்டரிக்குப் போற வயரையும் மொத்தமா மாத்தினார். பழைய வயரில புதுசுட 70 அம்பியர் ஓடினா சூடாகி உருகிருமாம்.

எல்லாம் சரி. ஆனா இஞ்சின் ஓடியும் வோல்ட் மீற்றர் 12.3லயே நிண்டுது, சார்ஜ் ஏறல்ல.

காரணம், மீற்றர் போர்டுக்குப் பின்னால இருந்த சுண்டுவிரல் நுனியளவு பல்ப். அது வெறும் லைட் இல்ல. சாவி போட்டதும் அதுக்குள்ளால போற துளிக் கரண்டுதான் ஆல்டர்னேட்டர எழுப்பி விடுறது. பல்ப் பியூஸ் போனா ஆல்டர்னேட்டரும் நித்திரை.

புது பல்ப் மாட்டினார். சிவப்பா எரிஞ்சுது. ஸ்டார்ட் பண்ண அணைஞ்சுது. மீற்றர் 14.2, சார்ஜ் ஏறுது.

சிவப்பு லைட் எரியாட்டி வாகனம் நல்லாத்தான் இருக்கெண்டு இவ்வளவு நாளும் நினைச்சிருக்கன். என்ன மடையன் நான்.

கல்லடிப் பாலத்தால வரக்குள்ள இருட்டிட்டு. ரெண்டு ஹெட்லைட்டும் பளிச்செண்டு.

வீட்ட வந்தா வாசலில அப்பா நிக்கிறார். கால் ரெண்டும் வீங்கிப் போய்க் கிடக்கு.

"என்னப்பா இது?"

"ஒண்டுமில்ல மகன். பிக்கப் சரியா?"