ராத்திரியில பசிக்கிற ஊரு

எடை குறைக்கிறதுக்கு மதுரையைவிட மோசமான ஊரு இருக்காது. ராத்திரி பத்து மணிக்கு மேல கடையைச் சாத்திட்டு வெளிய வந்தா, தெருமுனையில கொத்துப் பரோட்டாச் சத்தம். அதையும் தாண்டிப் போனா ஆவி பறக்க இட்லி. மனுஷன் எங்கிட்டுத் தப்பிக்கிறது?

அதனால ராச்சாப்பாட்டையே ஏழு மணிக்கு நகத்திட்டேன். கல்லாவுல உக்காந்தே ரெண்டு சப்பாத்தி, ஒரு கிண்ணம் சுண்டல். பரோட்டா ஞாயித்துக்கிழமை மட்டும். அன்னைக்கும் சால்னாவுல மிதக்குற எண்ணெய ஒதுக்கிருவேன். மாவுச்சத்து கிராமுக்கு 4 கலோரின்னா கொழுப்பு 9. மாஸ்டர் ஒரு மாதிரி பாப்பாரு, பாக்கட்டும்.

வாரத்துக்கு 150 நிமிஷமாவது உடம்பு அசையணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. மொத்தமாக் கேட்டா மலைப்பாத்தான் இருக்கும். வண்டியூர் தெப்பக்குளத்தை ஒரு சுத்து வந்தா ஒரு கிலோமீட்டருக்கு மேல வரும். காலையில ரெண்டு சுத்து, முடியலன்னா ஒண்ணு. சரக்கு இறங்குற அன்னைக்கு அதுவும் கிடையாது. விட்டதை மறுநாள் சேத்து நடக்குறதும் கிடையாது. கந்துவட்டி மாதிரி பாக்கியை ஏத்திக்கிட்டே போனா, ஒருநாள் மொத்தமா ஓடிருவோம்.

எடை மெஷின்ல தினமும் ஏற மாட்டேன். இஞ்சி டேப் போதும். நம்ம ஊரு ஆம்பளைகளுக்கு இடுப்பு 90 சென்டிமீட்டர், பொம்பளைகளுக்கு 80, அதுக்குள்ள இருந்தா நல்லது. வேட்டி கட்டுறவங்க கவனமா இருங்கண்ணே, அது எவ்வளவு பெருத்தாலும் காட்டிக்குடுக்காது.

ஜிகர்தண்டா பத்தி மட்டும் யாரும் கேக்காதீங்க. தெப்பக்குளத்துக்கு வர்றவங்க இருந்தா சொல்லுங்க, ஆறு மணிக்கு மாரியம்மன் கோயில் வாசல்ல நிப்பேன்.