மொய் வெக்காதவனுக்குப் பை கிடையாது

ஜெர்மனியில் நான் வேலை பார்க்கிற ஆபீஸிலிருந்து நியூரம்பெர்க் கிறிஸ்துமஸ் சந்தைக்கு எல்லோரையும் கூட்டிப் போனார்கள். மசாலா போட்டுச் சூடாக்கின சிவப்பு ஒயினைப் பீங்கான் கோப்பையில் ஊற்றிக் கொடுக்கிறார்கள். கோப்பைக்குத் தனியாக முன்பணம். திருப்பிக் கொடுத்தால் காசு வந்துவிடும். நான் கொடுத்துவிட்டு எண்ணி வாங்கிக்கொண்டேன். மேனேஜரோ கோப்பையைத் துடைத்து, காகிதத்தில் சுருட்டித் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். டீக்கடைக் கிளாசை யாராவது வீட்டுக்குத் தூக்கிப் போவார்களா என்று எனக்குள் ஒரே சிரிப்பு.

அப்புறம்தான் விசயம் தெரிந்தது. கோப்பையில் சந்தையின் பேரும் வருசமும் போட்டிருக்கும், படம் வருசா வருசம் மாறும். அவர் வீட்டு அலமாரியில் எல்லாம் வரிசையாக நிற்கிறதாம். "ஒன்று மகள் பிறந்த வருசத்தது, ஒன்று அப்பா கடைசியாக எங்களோடு வந்தபோது வாங்கியது" என்று சொல்லிக்கொண்டே போனார்.

எங்கள் வீட்டில் அந்த அலமாரிக்குப் பதில் ஒரு ஆணி. சமையற்கட்டுக் கதவுக்குப் பின்னால் அடித்தது. அதில் ஒரு மஞ்சப்பை தொங்கும். மற்ற மஞ்சப்பைகள் எல்லாம் அதற்குள்ளே. "காங்கேயத்துக் கல்யாணப் பைய எடு கண்ணு, அதுதான் அரிசிக்குத் தாங்கும்" என்று அம்மா சொல்லும். மாப்பிள்ளை பேருக்குப் பின்னால் பி.இ., பொண்ணு பேருக்குப் பின்னால் எம்.எஸ்சி., முகூர்த்தத் தேதி, மண்டபம், ஊர், எல்லாம் சிவப்பு மையில். பட்டு எடுத்த ஜவுளிக்கடைக்காரர் இனாமாக அடித்துக் கொடுத்த பை என்றால் மறுபக்கம் அவர் கடை பேர். தேங்காயும் வெத்தலையும் அன்றைக்கே தீர்ந்துவிடும். பை மட்டும் சந்தை, ரேசன்கடை, ஆஸ்பத்திரி என்று ஊரையே சுற்றும். எந்த வருசம் எந்தச் சொந்தத்தில் கல்யாணம் என்று சண்டை வந்தால் அம்மா நேராக ஆணிக்குத்தான் போகும்.

ஒறம்பரையில், அதாவது சொந்தத்தில், ஒரு கல்யாணம் நிலைக்கவில்லை. சீர் சாமான் திரும்பி வந்தது. ஆல்பம் எங்கே போனதென்று யாரும் கேட்கவில்லை. பை மட்டும் அது பாட்டுக்கு அரிசி சுமந்துகொண்டிருந்தது. அந்தப் பொண்ணு எங்கள் வீட்டுக்கு வருகிற அன்றைக்கு மட்டும் அம்மா அதை உள்வெளியாகத் திருப்பி, பேர் தெரியாமல் மாட்டி வைக்கும். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

காலேஜுக்குக் கோயமுத்தூர் போனபோது அதே பையைப் பார்த்துத்தான் பட்டிக்காட்டான் என்று கேலி பண்ணினார்கள். 2021 டிசம்பரில் அரசாங்கமே 'மீண்டும் மஞ்சப்பை' என்று ஆரம்பித்தபோது, அதிகமாகக் கேலி பண்ணினவன்தான் முதலில் ஸ்டேட்டஸ் வைத்தான். போகட்டும்.

ஊரார் நினைவைத் துணியில் அடித்து அனுப்புவதே திருப்பூரின் பிழைப்பு. மாரத்தான், கம்பெனி ஆண்டுவிழா, கால்பந்து, பாட்டுக் கச்சேரி என்று எல்லாத்துக்கும் டி-சர்ட் உண்டு. பிரிண்டிங் பட்டறைக்காரனுக்கு அதில் என்ன எழுதியிருக்கிறதென்றே தெரியாது. கலர் தப்பாமல் இருந்தால் சரி. ஆர்டர் நின்றதும் டேமேஜ் ஆனதும் திருப்பூரின் துணிச்சந்தையான காதர்பேட்டைக்கு வரும். அங்கிருந்து எங்கள் தோட்டங்காட்டுக்கு. அப்புச்சி, அம்மாவைப் பெத்த தாத்தா, வெள்ளாடு மேய்த்ததெல்லாம் அந்த டி-சர்ட்டுகளில்தான். இங்கே வந்து எழுத்துக்கூட்டப் பழகின பிறகு அவருடைய பழைய போட்டோ ஒன்றைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முதுகில் ஏதோ ஒரு ஜெர்மன் ஊர்த் தன்னார்வத் தீயணைப்புப் படையின் நூறாவது ஆண்டு விழா. அப்புச்சி தன் வாழ்நாளில் அணைத்த தீ சுருட்டு ஒன்றுதான். ஆனாலும் அந்த ஊர்க்காரர்கள் எப்போதோ கழற்றிப் போட்டிருக்கிற விழாவை, நைந்து கிழிகிற வரைக்கும் போட்டுக்கொண்டு திரிந்திருக்கிறார்.

போன கோடையில் பக்கத்து ஊரில் அதே மாதிரி தீயணைப்புப் படை விழா. டி-சர்ட் விற்றுக்கொண்டிருந்தார்கள். காலரைத் திருப்பி லேபிள் பார்க்கிற புத்தி திருப்பூர்க்காரனை விட்டுப் போகாது. பங்களாதேஷ் என்றிருந்தது. சாயங்காலம் வரைக்கும் என் மூஞ்சி சரியில்லை என்று வீட்டுக்காரி சொன்னாள்.

மற்றபடி நான் இந்த ஊருக்கு நன்றாகவே பழகிவிட்டேன். எந்தக் குப்பை எந்தத் தொட்டிக்கு என்பது அத்துப்படி. காலிப் பாட்டிலை மிசினில் போட்டு 25 சென்ட் வாங்குவதில் பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு நான் இளைத்தவனில்லை. வருசக் கடைசியில் மருந்துக்கடையில் ஓசிக் காலண்டர் தருகிறார்கள் என்று கண்டுபிடித்த அன்றைக்கு ஊருக்கே போன் போட்டுச் சொன்னேன். மளிகைக்கடை, உரக்கடை, நகைக்கடை என்று ஏறி இறங்கி அப்பா சேர்த்துக்கொண்டு வருகிற காலண்டர்களில் முருகன் படம் போட்டதற்குத்தான் முன்வாசல். மற்றதெல்லாம் பொடக்காளிப் பக்கம். மருந்துக்கடைக் காலண்டரில் பனிமலை. கிழிக்கத் தினத்தாள் இல்லை, ராகுகாலம் இல்லை, கிருத்திகை இல்லை. தைப்பூசம், பண்ணாரி குண்டம், ஊர் மாரியம்மன் நோம்பி எல்லாவற்றையும் நானே பேனாவில் எழுதி வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை பத்தரைக்கு யாராவது முக்கியமான மீட்டிங் போட்டால் இன்னமும் மனசு ஒப்புவதில்லை.

வைகாசியில் மாமன் மகனுக்குக் கல்யாணம். லீவு கிடைக்கவில்லை. அங்கே விடிகாலை நாலரைக்கு முகூர்த்தம், இங்கே ராத்திரி ஒரு மணி. போர்வைக்குள் உட்கார்ந்து வீடியோவில் பார்த்தேன். இணைச்சீர் ஆனது, மங்கல வாழ்த்து ஆனது. படம் பிடித்தவன் கேமராவைத் திருப்பினபோது மண்டப வாசலில் மேசை மேல் தாம்பூலப் பை அடுக்கியிருந்தது ஒரு நொடி தெரிந்தது. மறுநாள் அம்மாவிடம், "எனக்கு ரெண்டு பை எடுத்து வையும்மா" என்றேன்.

"மொய் வெக்காதவனுக்கு எந்த ஊர்ல சாமி பை குடுப்பாங்க?"

உடனே அனுப்பினேன். மாமன் வீட்டில் நோட்டில் வரவு வைத்துப் படமும் அனுப்பினார்கள். பேருக்கு முன்னால், ஊர்ப் பேர் போடுகிற இடத்தில் 'ஜெர்மனி' என்று எழுதியிருந்தது. எங்கப்பன் பேருக்கு முன்னாலும், அப்பாரு பேருக்கு முன்னாலும் அந்த இடத்தில் எங்கள் ஊர்ப் பேர்தான் இருந்திருக்கிறது. அடித்துவிட்டு மாற்றி எழுதச் சொல்லும்மா என்றேன்.

"மொய் நோட்டுல அடிச்சா நல்லாவா இருக்கும்? இருக்கற ஊரத்தான எழுதியிருக்காங்க" என்றது அம்மா. "பையி பார்சல்ல வருது. நாட்டுச்சக்கரையும் சேத்திப் போட்டுட்டேன், எடை கூடிப்போச்சாம். அந்தக் காசையும் அனுப்பி உடு."