அழுத்திப் பழகிய கை நிணநீர் வடிப்பைக் கற்கும்போது

நிணநீர் வடிப்பு என்பது தோலை மெல்ல நகர்த்தி, திசுவில் தேங்கிய நீரை நிணநீர் நாளங்கள் வழியே வடியவைக்கும் மசாஜ். ஆழமாக அழுத்தும் மசாஜில் ஊறிய கைக்கு அது எளிதில் வராது. உடற்கூறு தெரியும், தொடுவதில் கூச்சம் இல்லை, ஆளைப் படுக்கவைத்துத் துணி போர்த்துவதெல்லாம் பழக்கம். ஆனால் விரல் தோலில் பட்ட உடனே தசையைத் தேடிக் கீழே இறங்கிவிடும். பயிற்சியில் பாதி நேரம் அந்த இறக்கத்தைத் தடுப்பதிலேயே போகும்.

டென்மார்க்கைச் சேர்ந்த எமில் வோடரும் அவர் மனைவி எஸ்ட்ரிடும் 1930களில் உருவாக்கி, 1936இல் பாரிஸில் அறிமுகப்படுத்திய முறை இது. மெல்லத் தொடுவதற்குக் காரணம் உடற்கூறிலேயே இருக்கிறது. தொடக்க நிணநீர் நாளங்கள் தோலின் மேலடுக்குக்குச் சற்றுக் கீழேதான் உள்ளன. அவற்றின் சுவரில் செல்கள் வேய்ந்த ஓடுகள்போல ஒன்றின்மேல் ஒன்று படிந்திருக்கும். அவற்றைச் சுற்றுத் திசுவோடு நுண் இழைகள் பிணைத்திருக்கும். தோலை மெல்ல இழுத்தால் இழை இழுபட்டு ஓட்டின் ஓரம் திறக்கிறது, திசுவில் தேங்கிய நீர் உள்ளே போகிறது. விட்டால் மூடிக்கொள்கிறது. பலமாக அழுத்தினால் அந்த இடத்துக்கு ரத்தம் கூடுதலாகப் பாய்ந்து, ரத்த நாளத்திலிருந்து இன்னும் நீர் கசியும். வடிக்க வந்த இடத்தில் வீக்கத்தை நாமே கூட்டியதாகிவிடும்.

அழுத்தம் சரியா என்று அறிய இரண்டு அடையாளங்கள் போதும். விரலுக்கடியில் தசை தட்டுப்பட்டால் அதிகம். கையை எடுத்ததும் தோல் சிவந்திருந்தாலும் அதிகம். எண்ணெய் வேண்டாம், எண்ணெய் பட்டால் கை வழுக்கும், தோல் இழுபடாது. உள்ளங்கை வியர்த்தால் துடைத்துவிட்டுத் தொடருங்கள். விரல்களைத் தட்டையாக வைத்து, தோலை வட்டமாக நகர்த்தி, வடிய வேண்டிய திசையில் மட்டும் லேசாக அழுத்தி, முழுவதுமாக விட வேண்டும். ஒரே இடத்தில் 5 முதல் 7 முறை. பழைய கை விடுகிற பாதியைத்தான் விழுங்கிவிடுகிறது. அழுத்தித் தள்ளிய நாளம் பின்னாலிருந்து மீண்டும் நிறைவது அந்தப் பாதியில்தான் என்பதால், வேகமாகச் செய்தால் வேலையே நடப்பதில்லை.

வரிசையும் தலைகீழ். வீங்கிய இடத்தில் தொடங்கக் கூடாது. வடிகால் வாயைத் திறக்காமல் பின்னாலிருந்து தண்ணீரைத் தள்ளி என்ன பயன்? முதலில் காறை எலும்புக்கு மேலுள்ள குழி. மார்பக அறுவையில் அக்குளின் நிணநீர்க் கணுக்கள் எடுக்கப்பட்டவர் என்றால், அடுத்து நல்ல பக்கத்து அக்குளும், பாதித்த பக்கத்துத் தொடையிடுக்கும். பிறகு மார்பின் குறுக்கே நல்ல அக்குளை நோக்கியும், விலாவழியே தொடையிடுக்கை நோக்கியும். அதன்பின் மேல்கை, முன்கை, கடைசியில்தான் விரல்கள். முடித்ததும் அதே வழியே மேலே திரும்பி வர வேண்டும்.

யாரைத் தொடக் கூடாது என்பதை நுட்பங்களுக்கு முன்பே மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். ஒரு கெண்டைக்கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால் ரத்த உறைவாக இருக்கலாம். இரண்டு கால்களும் வீங்கி, படுத்தால் மூச்சு வாங்கினால் இதயம் தளர்ந்திருக்கலாம். அந்த இதயத்துக்கு நாம் இன்னும் நீரைத் திருப்பிவிடக் கூடாது. சிவந்து, சூடாகி, காய்ச்சலும் சேர்ந்தால் தொற்று. மூன்றுக்கும் மருத்துவரிடம் அனுப்புவதே வேலை. தைராய்டு மிகையாகச் சுரப்பவர்களுக்குக் கழுத்தையும், கர்ப்பிணிகளுக்கு வயிற்றையும் விட்டுவிட வேண்டும்.

பயிற்சியைத் தேர்வு செய்யும்போது அடிப்படை வகுப்பையும் நிணநீர் வீக்கச் சிகிச்சைக்கான முழுப் பயிற்சியையும் ஒன்றென எண்ணிவிடாதீர்கள். வட அமெரிக்க நிணநீரியல் சங்கமான லானாவின் (LANA) சான்றிதழுக்கு 135 மணி நேரப் பயிற்சி கேட்கிறார்கள். வாரயிறுதி வகுப்பு ஒன்றை முடித்துவிட்டு அறுவை முடிந்தவரின் கையைத் தொடுவதை நான் ஏற்கமாட்டேன். முழுப் பயிற்சியில் கட்டுப்போடுதல், தோல் பராமரிப்பு, கட்டோடு செய்யும் உடற்பயிற்சி மூன்றும் இருக்கும். கட்டு இல்லாமல் வடித்த வீக்கம் மீண்டும் ஏறிவிடும். கட்டுக்குச் சாதாரண மீள்பட்டி உதவாது. குறைவாக நீளும் பட்டிதான் வேண்டும்: தசை அசையும்போது எதிர்த்து அழுத்தும், ஓய்வில் இறுக்காது.

இன்னொன்று, ஆழ்ந்த மசாஜின் கடைசிப் பத்து நிமிடத்தில் இதைச் செருகாதீர்கள். தனி நேரம் ஒதுக்குங்கள், 45 முதல் 60 நிமிடம். வழக்கமாக வருபவர் “இன்னும் கொஞ்சம் அழுத்துங்களேன்” என்பார். இது ஏன் லேசாக இருக்கும் என்பதை அவர் படுக்கும் முன்பே சொல்லிவிட்டால் நடுவில் கை தடுமாறாது. தொடங்கும்போதே இரு கைகளின் சுற்றளவையும் மணிக்கட்டிலிருந்து 4 சென்டிமீட்டருக்கு ஒருமுறை அளந்து எழுதுங்கள். நாடாவை ஒருநாள் இறுக்கியும் மறுநாள் தளர்த்தியும் பிடித்தால் அந்த அளவுக்குப் பொருளில்லை. அதனால் முடிந்தவரை ஒருவரே, நாளின் அதே நேரத்தில், ஒரே நாடாவில் அளக்க வேண்டும்.