கழுத்தில் வந்த நெறியும் உடம்பு போடும் வேலியும்

யாருக்காவது ஒரு வருத்தம் இழுபட்டுக்கொண்டு போனால் எங்கள் ஊரில் உடனே சொல்லிவிடுவார்கள், "உடம்பிலை எதிர்ப்புச் சக்தி காணாது" என்று. சித்திக்குக் கழுத்தில் நெறி (நிணநீர்க் கணு) வீங்கி, அது காசநோய் என்று தெரிந்த பிறகு வீட்டுக்கு வந்த அத்தனை பேரும் இதையே சொன்னார்கள், கையோடு கஷாயம், தேன், ஏதோ ஒரு மாப் பேணி. பாசத்தில் கொண்டுவந்ததுதான், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிற எனக்கு அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை, ஏனென்றால் சித்தியின் கழுத்தில் இருந்த அந்த வீக்கமே அவவுடைய எதிர்ப்புச் சக்தி செய்த வேலை.

தொட்டுப் பார்த்தேன். காதுக்குக் கீழே, தோலுக்கு அடியில் மூன்று நான்கு உருண்டைகள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கிடந்தன. அமத்தினாலும் நோகவில்லை, மேல்தோலில் சூடும் இல்லை. தொண்டை நோவுக்கு வருகிற நெறி தொட்டாலே துள்ள வைக்கும், இரண்டு கிழமையில் வற்றியும் விடும். இது மாதக்கணக்கில் அப்படியே இருந்தது. ஊசி போட்டுக் கலங்களை உறிஞ்சிப் பரிசோதித்தபோது அறிக்கையில் 'கிரனுலோமா' என்று வந்தது.

காசநோய்ப் பற்றீரியா மூச்சோடு உள்ளே போனதும் மக்ரோபேஜ் என்ற பெரிய தின்குழியங்கள் அதை விழுங்குகின்றன. வேறு பற்றீரியா என்றால் கதை அதோடு முடியும்: விழுங்கிய பையோடு செரிக்கும் நொதியங்கள் உள்ள பை வந்து சேரும், கிருமி கரைந்துபோகும். காசநோய்க் கிருமி இந்த இரண்டு பைகளையும் சேரவிடாமல் தடுத்துவிட்டு, தன்னைக் கொல்ல வந்த கலத்துக்குள்ளேயே குடியிருக்கிறது. அவசரமே இல்லாத கிருமி இது. குடலில் இருக்கும் ஈ.கோலி வசதியான இடத்தில் 20 நிமிடத்தில் இரண்டாகிவிடும். இதற்குக் கிட்டத்தட்ட 20 மணித்தியாலம் வேண்டும். சில கிழமைகள் போன பிறகுதான் ரி கலங்கள் என்ற வெள்ளைக் குருதிக் கலங்கள் ஆளை அடையாளம் கண்டு வந்து சேருகின்றன, இன்டர்பெரோன் காமா என்ற சமிக்ஞையைக் கொடுத்து மக்ரோபேஜ்களை உசுப்புகின்றன. அப்படியும் எல்லாக் கிருமியும் சாவதில்லை. அப்போது உடம்பு வேலி போடுகிறது. மக்ரோபேஜ்கள் நெருக்கமாக அடுக்குகின்றன, சில ஒன்றோடொன்று இணைந்து பல கருக்கள் உள்ள இராட்சதக் கலங்களாகின்றன, அதற்கு வெளியே ரி கலங்கள் சுற்றி நிற்கின்றன. நடுவில் ஒட்சிசன் குறைந்து இழையம் செத்துப்போகிறது, மிஞ்சிய கிருமிகள் அதற்குள் கிட்டத்தட்ட உறங்கிக் கிடக்கின்றன. அதுதான் கிரனுலோமா.

உலகத்தில் நான்கில் ஒரு பங்கு மக்களுக்கு இந்தக் கிருமி தொற்றியிருக்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அவர்களில் 100 பேருக்கு 5 முதல் 10 பேர்தான் வாழ்நாளில் எப்போதாவது நோயாளி ஆகிறார்கள். மற்ற எல்லோருக்கும் வேலி காலம் முழுக்கத் தாங்கிவிடுகிறது, அவர்களுக்குத் தெரியவே தெரியாது. அந்த வேலியைப் பராமரிப்பதில் ரி.என்.எஃப் என்ற புரதத்துக்குப் பெரிய பங்கு உண்டு. முடக்குவாதத்துக்கு அந்தப் புரதத்தைத் தடுக்கும் ஊசி போடுவதற்கு முன்னர், உள்ளே காசநோய்க் கிருமி பதுங்கியிருக்கிறதா என்று வைத்தியர்கள் பார்ப்பது இதனால்தான். எச்.ஐ.வி ரி கலங்களை அழிக்கிறது, வேலி சரிகிறது. சீனி வருத்தம் இருப்பவர்களுக்குக் காசநோய் வரும் ஆபத்து இரண்டு மூன்று மடங்கு கூட. சித்திக்குச் சீனி பல வருடமாக இருக்கிறது, அதுவும் சரியான கட்டுப்பாட்டில் இல்லை. வந்தவர்களில் ஒருவர்கூட அதைப் பற்றிக் கேட்கவில்லையே என்பதுதான் எனக்குக் கவலை. அந்தத் தேனை நான் எடுத்து ஒளித்து வைத்தேன்.

சரி, அப்படியென்றால் எதிர்ப்புச் சக்தியை ஏற்றிவிட்டால் கிருமி செத்துவிடாதா? இதை என் மாணவர்களும் கேட்பார்கள், நல்ல கேள்வி. ரி கலங்களின் மேற்பரப்பில் பிடி-1 என்று ஒரு புரதம் இருக்கிறது. 1992இல் ஜப்பானில் தசுகு ஹொன்ஜோவின் ஆய்வுகூடம் கண்டுபிடித்தது, பிற்பாடு 2018இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. ரி கலத்தின் வேகத்தைக் குறைப்பதுதான் இதன் வேலை. தொற்று நாட்பட நாட்பட ரி கலங்களில் பிடி-1 கூடுகிறது, அவை களைத்துப்போகின்றன. ஈரலைத் தாக்கும் ஹெபரைற்றிஸ் பி போன்ற வைரசுகள் உடம்பில் வருடக்கணக்கில் தங்க இதுவும் ஒரு காரணம். பிடி-1 இல்லாவிட்டால் உடம்பு கிருமியை ஒரு கை பார்த்துவிடும் என்றுதானே நினைப்போம்? பிடி-1 இல்லாத எலிகளுக்குக் காசநோய்க் கிருமியைக் கொடுத்தபோது அவை சாதாரண எலிகளைவிடச் சீக்கிரம் செத்துப்போயின. கட்டுக்கடங்காத அழற்சி நுரையீரலைச் சிதைத்துவிட்டது. தொழுநோயிலும் இதேதான்: கை விரல் மடங்கிப்போவதற்கும் உணர்ச்சி போவதற்கும் கிருமியைவிட, நரம்புக்குள் இருக்கும் கிருமியை உடம்பு ஆவேசமாகத் தாக்குவதே பல நேரங்களில் காரணம், அதனால்தான் அந்த நேரத்தில் அழற்சியை அடக்கும் பிரெட்னிசலோன் கொடுக்கிறார்கள்.

சித்தியின் விஷயத்திலும் இதைக் கண்ணால் கண்டோம். முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, அடுத்த நான்கு மாதம் இரண்டு மருந்து என்பதுதான் வழமையான முறை. விடிய வெறும் வயிற்றில் குளிசை. அந்த மருந்துகளில் ஒன்றான ரிபாம்பிசினால் சலம் செம்மஞ்சளாகப் போகும் என்று முன்னமே சொல்லி வைத்தபடியால் அதற்கு அவ பயப்படவில்லை. ஆனால் காய்ச்சல் விட்டு, சாப்பாடு பிடித்து, ஆள் தேறிவருகிற நேரத்தில் ஒரு நெறி முந்தியைவிடப் பெரிதாக வீங்கியது. "மருந்து பிடிக்கேல்லைப் போல, நிப்பாட்டுவம் பிள்ளை" என்றா. கிளினிக்கில் காட்டினோம். செத்த கிருமிகளின் துண்டுகளைப் பார்த்து, மருந்தால் தெம்பு திரும்பிய உடம்பு எழுப்பும் அழற்சி இது, நெறிக் காசநோயில் சிலருக்கு இப்படி வரும், குளிசையை ஒரு நாளும் விடவேண்டாம் என்றார் வைத்தியர். அந்த வீக்கம் தானாகவே வற்றியது.

நல்லாக இருக்கிறது என்று இடையில் குளிசையை விடுவதுதான் எனக்குப் பெரிய பயம். பெருகுகிற கிருமி முதலில் சாகும், ஆளும் தேறும். உறங்குகிற கிருமியைக் கொல்லத்தான் மிச்ச மாதங்கள், ஏனென்றால் பெருகாத கிருமியில் மருந்து மெதுவாகத்தான் வேலை செய்யும், செத்த இழையத்துக்குள் இரத்தக்குழாய் இல்லாததால் மருந்து போய்ச் சேருவதும் கடினம். இடையில் விட்டால் அவை எழும்பும், மருந்துக்கு மசியாத கிருமியாக எழும்பவும் கூடும்.

அப்புறம் இன்னொன்று. சித்திக்கு வீட்டில் தனிக் கோப்பை, தனித் தட்டு வைத்தார்கள். நெஞ்சுப் படமும் சளிப் பரிசோதனையும் சுத்தமாக இருந்தும் வைத்தார்கள். நெறியில் மட்டும் இருக்கும் காசநோய் பக்கத்தில் இருப்பவருக்குத் தொற்றாது. நுரையீரல் காசநோய்கூடக் காற்றால்தான் தொற்றும், கோப்பையால் அல்ல. தொற்றுகிற ஆட்கள் வேறு எங்கோ, இன்னும் பரிசோதிக்காமல், "தடிமன்தான்" என்று இருமிக்கொண்டு திரிகிறார்கள். இரண்டு கிழமைக்கு மேல் இருமல் இருந்தால் அரச மார்பு நோய்க் கிளினிக்குக்குப் போய்ச் சளி கொடுங்கள். பரிசோதனையும் இலவசம், ஆறு மாத மருந்தும் இலவசம்.