ரிசல்ட்டுக்கு முன்னும் பின்னும்: பெற்றோருக்கான நாட்குறிப்பு, 2025

மார்ச் 25, செவ்வாய்

பிளஸ் டூ பொதுத்தேர்வு இன்றோடு முடிந்தது. ரிசல்ட் மே 9 என்று அட்டவணையிலேயே போட்டிருக்கிறார்கள். நடுவில் 45 நாள். ரிசல்ட் நாளன்று ஒரு பிள்ளை எப்படி இருக்கும் என்பதைப் பெரும்பாலும் இந்த 45 நாளில் வீட்டில் பேசப்படும் பேச்சுதான் தீர்மானிக்கிறது. ஆகவே இனி வேலை பெரியவர்களுக்கு.

முதல் வேலை, கேள்வித்தாளை விரித்துவைத்து மார்க் கூட்டுவதை இன்றே நிறுத்துவது. டியூஷன் சார் விடைக்குறிப்பைப் பார்த்துவிட்டு "92 வந்துடும்" என்பார். அப்பா மனதில் அந்த 92 உட்கார்ந்துவிடும். மே மாதம் 84 வரும்போது, நல்ல மார்க்கான 84 அந்த வீட்டில் எட்டு மார்க் நஷ்டமாகத்தான் கணக்காகும்.

மார்ச் 31, திங்கள்

தூக்கத்தைப் பற்றி. பதின்ம வயதில் மெலடோனின் சுரக்கும் நேரமே ஒன்றிரண்டு மணி பின்னால் தள்ளிப்போகிறது. இரவு 11 வரை தூக்கம் வராதது திமிரால் இல்லை, உடம்பே அப்படித்தான். 13 முதல் 18 வயதுவரை ஒரு நாளைக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். தேர்வு நேரத்தில் ஐந்து மணி நேரம் தூங்கிய பிள்ளை முதல் வாரம் பகல் 11 வரை தூங்கினால் தூங்கட்டும். அதற்குமேல் விடக்கூடாது. இரவும் பகலும் இடம் மாறிவிட்டால் மனச்சோர்வுக்கு அதுவே பாதி வழி போட்டுக்கொடுத்துவிடும்.

சரிசெய்யக் கிளம்பும் பெற்றோர் "பத்து மணிக்குப் படு" என்று விரட்டுவார்கள். வராத தூக்கத்துக்குப் படுத்துப் புரண்டால் கவலைதான் வளரும். பிடிக்க வேண்டியது எழும் நேரத்தை. இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை அரை மணி முன்னால் எழுப்பலாம். எழுந்த சூட்டோடு 20 நிமிடம் காலை வெளிச்சத்தில் நிற்க வேண்டும். மொட்டை மாடி போதும், பால் வாங்க அனுப்பினாலும் சரி. மாலை 4 மணிக்கு மேல் காபி, டீ வேண்டாம். இரவில் எல்லார் போனும் ஹாலில் சார்ஜில் கிடக்கட்டும், அப்பா போனும் சேர்த்து. அவருக்கு மட்டும் விலக்கு என்றால் இந்த ஏற்பாடு மூன்றாம் நாள் தாண்டாது.

ஏப்ரல் 12, சனி

"எங்க பையன் வாயே திறக்கிறதில்ல" என்கிற வீடுகளில் நடக்கும் பேச்சைக் கவனித்தால் பெரும்பாலும் கேள்வி, அதுவும் "ஏன்" என்று தொடங்கும் கேள்வி. ஏன் சாப்பிடல, ஏன் கதவைச் சாத்தினே, ஏன் முகம் இப்படி இருக்கு? பதில் சொல்லத் தொடங்கினாலே குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அதனால் வாயை மூடிக்கொள்வது பிள்ளைக்குப் புத்திசாலித்தனமாகவே படும்.

எதிரெதிரே உட்காரவைத்துப் பேசாதீர்கள். வண்டியில் போகும்போது, துணி மடிக்கும்போது, வெங்காயம் உரிக்கும்போது பேசுங்கள். முகம் பார்க்கத் தேவையில்லாத இடத்தில் வார்த்தை சுலபமாக வரும். கண்ணில் பட்டதைச் சொல்லிவிட்டு நிறுத்துங்கள்: "ரெண்டு நாளா ராத்திரி சாப்பாட்டை அப்படியே வச்சிடுறடா." அதற்குப் பிறகு மனசுக்குள் பத்து எண்ணுங்கள். இந்தப் பத்தில்தான் முக்கால்வாசிப் பேர் தோற்கிறார்கள். நாலு எண்ணுவதற்குள் அறிவுரை வந்துவிடும். "பயமா இருக்கும்மா" என்று ஒரு வார்த்தை வந்தால், "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது" என்று மூடிவிட வேண்டாம். "எதை நினைச்சாடா ரொம்ப பயம்?" என்று கேளுங்கள். 570 வாங்கக்கூடிய பிள்ளையின் பயம் மார்க்கைப் பற்றியே இருக்காது. கூடப் படித்தவர்களெல்லாம் ஒரே காலேஜுக்குப் போய்விட, தான் மட்டும் வேறெங்கோ போகவேண்டிவருமே என்பதாக இருக்கும்.

பெற்றோர் பட்ட கஷ்டத்தை இந்தச் சமயத்தில் சொல்லிக்காட்டவே கூடாது. நகையை அடகு வைத்து ஃபீஸ் கட்டியது உண்மையாகவே இருக்கலாம். பிள்ளைக்கு அது தெரியாமலும் இல்லை.

மே 4, ஞாயிறு

நீட். மதியம் 2 முதல் 5 வரை. இயற்பியல் கடுமையாக இருந்தது என்று எல்லாப் பக்கமும் ஒரே பேச்சு. சென்டர் வாசலில் கேள்வி வேண்டாம். தண்ணீர், சாப்பாடு, வீடு. நான்கு நாளில் பிளஸ் டூ ரிசல்ட்டும் வருகிறது, ஒரு நாள் முன்னதாக, மே 8 அன்று.

மே 7, புதன்

இன்று இரவுக்குள் முடிக்க வேண்டியவை.

ரிசல்ட்டை யார் பார்ப்பது என்று பிள்ளையிடமே கேட்டு முடிவுசெய்யுங்கள். தேர்வு எண், பிறந்த தேதி இரண்டும் போதும். இணையதளம் திணறினால் டிஜிலாக்கரில் பார்க்கலாம், பள்ளியில் கொடுத்த எண்ணுக்கு எஸ்எம்எஸ்ஸும் வரும். மாமாவுக்கும் சித்திக்கும் தேர்வு எண்ணைக் கொடுத்திருந்தால் ஆபத்து. பிள்ளைக்குத் தெரியும் முன்பே ஃபேமிலி குரூப்பில் மார்க் ஓடிவிடும். "நாங்களே போன் பண்றோம், அதுவரை யாரும் பார்க்க வேண்டாம்" என்று இன்றே எழுதிவிடுங்கள்.

பெற்றோரில் ஒருவராவது நாளை லீவு போட வேண்டும். எதிர்பார்த்தது வந்தால், குறைந்தால், ஃபெயிலானால் என்று மூன்றுக்கும் முதல் வாக்கியத்தை இருவரும் பேசிவைத்துக்கொள்ளுங்கள். அந்த நிமிடத்தில் தானாக வரும் வாக்கியம் நம்பத்தக்கதில்லை.

மாத்திரை டப்பா, தோட்டத்துக்கு அடிக்கும் மருந்து, எலி மருந்து எல்லாம் இன்று பூட்டுக்குள் போகட்டும், சாவி பெரியவர் இடுப்பில். முடிந்தால் வீட்டைவிட்டே அப்புறப்படுத்துங்கள். "எங்க பிள்ளை அப்படியெல்லாம் இல்ல" என்று இதைத் தட்டிக்கழிக்காதீர்கள். திட்டமே இல்லாமல், கோபமும் அவமானமும் உச்சத்திலிருக்கும் சில நிமிடங்களில் நடந்துவிடுவது நிறைய. அந்த நேரத்தில் கைக்கு எட்டாமல் இருந்தாலே பல உயிர் தப்பும்.

மே 8, வியாழன்

காலை 9 மணிக்கு ரிசல்ட். தேர்ச்சி 95.03 சதவீதம். மகிழ்ச்சியான எண்தான். ஆனால் நூற்றுக்கு 95 பேர் தேறும்போது மீதிப் பேருக்குத் தனிமை இன்னும் கூடும்; தெருவிலேயே தான் ஒருத்தன்தான் ஃபெயில் என்று தோன்றும்.

ஃபெயிலான வீட்டில் முதல் பத்து நிமிடம்: பக்கத்தில் உட்காருங்கள். "மார்க் பார்த்தேன். உனக்குக் கஷ்டமா இருக்கும். நான் இங்கதான் இருக்கேன்." இவ்வளவு போதும். "பரவாயில்ல, ஜூன்ல எழுதிடலாம்" என்பது உண்மைதான், மதியத்துக்கு மேல் சொல்லிக்கொள்ளலாம்; அழுகை முடியுமுன் தீர்வு சொன்னால், அழாதே என்று சொல்வதாகத்தான் கேட்கும். அழாமல் கல்லாக உட்கார்ந்திருக்கும் பிள்ளையை அழுகிற பிள்ளையைவிடக் கூடுதலாகக் கவனியுங்கள். குளியலறைக்குப் போனாலும் தாழ்ப்பாள் வேண்டாம் என்று சாதாரணமாகச் சொல்லிவையுங்கள். இரவு எல்லாரும் ஹாலில் பாய் போட்டுப் படுங்கள்.

போனைப் பிடுங்காதீர்கள். கூடப் படித்தவனிடமிருந்து வரும் ஒரு "மச்சி" இப்போது மருந்து. அடுத்த 48 மணி நேரத்துக்குப் பெரிய முடிவு எதுவும் கூடாது: படிப்பை நிறுத்துவது, வேலைக்கு அனுப்புவது, பெண்ணாக இருந்தால் மாப்பிள்ளை பார்ப்பது. கடைசியாகச் சொன்னது பாட்டி வாயிலிருந்து சாயங்காலத்துக்குள் வந்துவிடும். வந்த இடத்திலேயே நிறுத்துங்கள்.

யாரும் கவனிக்காத இன்னொரு பிள்ளை உண்டு: 590 எதிர்பார்த்து 561 வாங்கியவள். ஊரே வாழ்த்துவதால் அழக்கூட உரிமையில்லை. ரேங்க் அறிவிப்பதை அரசு 2017லேயே நிறுத்திவிட்டது, ஆனால் டியூஷன் சென்டர் ஃப்ளெக்ஸும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸும் அதை உயிரோடு வைத்திருக்கின்றன. இவளிடம் "இதுவே நிறைய மார்க்தானே" என்று சொல்லாமல், 590ஐ வைத்து என்ன திட்டம் போட்டிருந்தாள் என்று கேளுங்கள். இழந்தது அந்தத் திட்டம்தான்.

மே 10, சனி

பதின்ம வயதில் மனச்சோர்வு அழுகையாக வெளிப்படுவதைவிட எரிச்சலாக வெளிப்படுவது அதிகம். தொட்டதற்கெல்லாம் கத்தல், தலைவலி, வயிற்றுவலி, பிடித்த கிரிக்கெட்டைக்கூடத் தொடாதது, இரண்டு வாரத்துக்கு மேல் கெட்ட தூக்கம் என்றால் டாக்டரிடம் போக வேண்டும். பிரியமான பொருளை யாருக்காவது கொடுத்துவிடுவது, "நான் இல்லேன்னா உங்களுக்கு நிம்மதி" என்பது, நாளெல்லாம் கலங்கிக் கிடந்தவர் காரணமில்லாமல் திடீரென அமைதியாவது, இவற்றுக்கு இரண்டு வாரம் காத்திருக்கக் கூடாது. அன்றே நேரடியாகக் கேளுங்கள்: "செத்துடலாம்னு தோணுதாப்பா?" கேட்டால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடும் என்ற பயம் தேவையில்லை. கேட்டதும் பாரம் இறங்குவதைத்தான் பார்க்க முடியும்.

"ஆமாம்" என்று வந்தால் அதிர்ச்சியைக் குரலில் காட்டாமல், "சொன்னது நல்லது" என்று சொல்லுங்கள். தனியே விடாதீர்கள். மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. தமிழ்நாட்டில் இதை "நட்புடன் உங்களோடு" என்ற பெயரில் நடத்துகிறார்கள். 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். 104க்கும் பேசலாம். ஏதாவது செய்துகொண்டுவிட்டால் போனில் ஆலோசனை வேண்டாம், 108ஐக் கூப்பிட்டு நேரே அவசர சிகிச்சைப் பிரிவு. போலீஸ் கேஸ் ஆகுமோ என்று தாமதிக்காதீர்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தற்கொலைக்கு முயன்றவர்களைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர்களாகத்தான் பார்க்கச் சொல்கிறது, தண்டிக்கச் சொல்லவில்லை.

"அம்மா தலையில அடிச்சு சத்தியம் பண்ணு, இனி அப்படி நினைக்கமாட்டேன்னு" என்பது பாசத்தில் செய்யும் காரியம். விளைவு நேர்மாறு. எண்ணத்தைச் சத்தியத்தால் நிறுத்த முடியாது. அடுத்தமுறை தோன்றும்போது அம்மாவிடம் சொல்லும் வழியும் அடைபட்டுவிடும்.

மே 14, புதன்

மனநல மருத்துவரிடம் முதல்முறை போகிறவர்களுக்கு. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு ஓபி உண்டு. "கண்ணு டாக்டரைப் பார்க்கப் போறோம்" என்று பொய் சொல்லிக் கூட்டிப்போனால் பிள்ளை அங்கே வாய் திறக்காது. ஒரு வாரத் தூக்க நேரம், பழைய மருந்துச் சீட்டுகள், குடும்பத்தில் யாருக்காவது இருந்த மனநோய், தைராய்டு பற்றிய விவரம், இவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். டாக்டர் பிள்ளையிடம் தனியாகப் பேசுவார், வெளியே வந்ததும் "என்ன சொன்னே?" என்று கேட்காதீர்கள். மாத்திரை கொடுத்தால் பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். தொடக்க வாரங்களில் படபடப்போ விபரீத எண்ணமோ கூடினால் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். கொஞ்சம் தேறியதும் நீங்களாக நிறுத்திவிட வேண்டாம். மாத்திரையைக் கையில் வைத்திருப்பதும் எடுத்துக் கொடுப்பதும் பெரியவர் வேலை.

மே 16, வெள்ளி

பத்தாம் வகுப்பு, பிளஸ் ஒன் ரிசல்ட் இரண்டும் இன்றே. அண்ணன் ஃபெயிலான வீட்டில் தங்கை 480 வாங்கியிருந்தால் கேக் வாங்கத் தயங்குவார்கள். வாங்குங்கள். அவள் சந்தோஷத்தை ஒளித்துவைத்தால் இரண்டு பேருக்கும் பாரம். அண்ணனிடம் மட்டும் முன்னாலேயே சொல்லிவிடுங்கள்: "இன்னிக்கு அவளுக்குக் கேக் வெட்டுறோம். நீ இருந்தாலும் சரி, மாடிக்குப் போனாலும் சரி."

ஜூன் 25, புதன்

பிளஸ் டூ துணைத்தேர்வு தொடங்கியது. ஃபெயிலான பாடத்தை மட்டும் எழுதினால் போதும் என்பதால் சுமை குறைவாகத் தோன்றும், ஆனால் பிள்ளைகள் ஹாலுக்குள் கொண்டுபோகும் பயம் மார்ச்சில் இருந்ததைவிட அதிகம். கை நடுங்கினால் நான்கு எண்ணி மூச்சை இழுத்து ஆறு எண்ணி விடச் சொல்லுங்கள், ஐந்து முறை. இதை வீட்டில் ஒரு வாரமாவது பழகியிருக்க வேண்டும். வாசலில் சொல்லிக்கொடுத்தால் எடுபடாது. டாக்டர் குறித்துக்கொடுத்த அடுத்த தேதி தேர்வு நாளில் விழுந்தால், தள்ளிப்போடாமல் முந்தின நாளுக்கு மாற்றிக் கேளுங்கள்.