மேல்தோலை மட்டும் மாத்துற லேசர்

லேசர்னு சொன்னாலே வெட்டுறது, ஓட்டை போடுறதுதான் எல்லாருக்கும் ஞாபகம் வருது. எனக்குப் புடிச்சது வேற, பொருளோட உள்பக்கத்துல கையே வைக்காம மேல்தோலோட குணத்தை மட்டும் மாத்துறது, அதுக்கு புற ஊதா லேசர் மாதிரி ஒண்ணு கிடையாது.

ஒரு பாலியெஸ்டர் ஃபிலிம்ல ஒரு சொட்டு தண்ணி விடுங்க, குவிஞ்சு நிக்கும். எக்ஸைமர்னு சொல்ற புற ஊதா லேசரை கம்மி டோஸ்ல காத்துலயே அடிச்ச இடத்துல அதே சொட்டை விட்டா நல்லாவே படரும். பாக்க ரெண்டு இடமும் ஒரே மாதிரிதான் இருக்கும், ஆனா மேல இருக்குற பிணைப்புகள் உடைஞ்சு ஆக்ஸிஜன் வந்து ஒட்டிக்கிட்டதால பசை, பெயிண்ட் எல்லாம் அங்க நல்லா புடிக்கும்.

காரணம் கணக்குலயே இருக்கு. எக்ஸைமர்ல ஒரு வகையான ஆர்கான் ஃப்ளோரைடு லேசரோட அலைநீளம் 193 நானோமீட்டர், ஒரு ஃபோட்டானுக்கு 6.4 எலக்ட்ரான் வோல்ட். கார்பன்-கார்பன் பிணைப்பை உடைக்க சுமார் 3.6 போதும். அதோட பாலியெஸ்டர் மாதிரி பிளாஸ்டிக் இந்த ஒளியை மேல ஒரு மைக்ரானுக்குள்ளயே குடிச்சிடும், பல்ஸும் 10, 20 நானோசெகண்ட்ல முடிஞ்சிடும், சூடு உள்ள இறங்க நேரமே இல்ல. டோஸ் ஒரு அளவைத் தாண்டினா மட்டும் மேல்படலம் பிச்சுக்கிட்டு பறக்கும், அதுதான் அப்லேஷன். சூடே கிடையாதுன்னு சிலர் எழுதுறாங்க, அது சரியில்ல, 248, 308 நானோமீட்டர்னு அலைநீளம் கூடக்கூட சூட்டோட பங்கும் கூடும்.

1981ல ஐபிஎம்மோட யார்க்டவுன் ஹைட்ஸ் லேப்ல ரங்கசாமி ஸ்ரீனிவாசன், வின், ப்ளம் மூணு பேரும் விருந்துல மிஞ்சின வான்கோழித் துண்டுல இந்த 193ஐ அடிச்சுப் பாத்தாங்க, ஓரம் கருகாம சுத்தமா வெட்டுப்பட்டுச்சு. இன்னைக்கு கண்ணுக்குப் பண்ற லேசிக் அங்கருந்து வந்ததுதான்.

எனக்கு இதைவிட ஆச்சரியம் ஃபோன் ஸ்கிரீன்தான். அதைச் செய்யும்போது, கண்ணாடி மேல மெல்லிசா பூசின, அணுக்கள் ஒழுங்கா அடுக்கியிருக்காத சிலிக்கானை 308 நானோமீட்டர் பல்ஸ் ஒரு நொடிப்பொழுது உருக்கி படிகமா உறைய வைக்கும், சிலிக்கான் உருக ஆயிரம் டிகிரிக்கு மேல வேணும், ஆனா கீழ இருக்குற கண்ணாடிக்கு ஒண்ணும் ஆகாது!

டெஃப்லான்தான் மசியாது. 248ஐ அது சரியா உறிஞ்சவே உறிஞ்சாது, அதுக்கு 157 நானோமீட்டர், இல்லேன்னா நானோசெகண்டைவிட ரொம்ப ரொம்பக் குட்டி பல்ஸ் அடிக்கிற ஃபெம்டோசெகண்ட் லேசர் வேணும்.

ட்ரீட் பண்ண ஃபிலிமை சில வாரம் டிராயர்ல வச்சிருந்து எடுத்துப் பாத்தேன், சொட்டு மறுபடி குவிய ஆரம்பிச்சிருந்துச்சு. மேல இருந்த மூலக்கூறுகள் மெல்ல உள்ள திரும்பிக்குது. அதனால பசை போடணும்னா அன்னைக்கே போட்டுடுங்க.