மூன்று வாரமும் ஒரு ‘பிரெகோ’வும்

அன்றாட இத்தாலியப் பேச்சை ஆங்கிலமாக்கிப் பார்க்க ஆரம்பித்து மூன்று வாரம் ஆகிறது. தினமும் பத்து வரி. நோட்டில் இடது பக்கம் இத்தாலியன், வலது பக்கம் ஆங்கிலம். அகராதியைக் கடைசியில்தான் தொட வேண்டும் என்பது நானே போட்டுக்கொண்ட விதி.

நீள வாக்கியங்கள்தான் படுத்தும் என்று நினைத்தேன். படுத்தியது ‘பிரெகோ’. முதல் நாளே ‘யூ ஆர் வெல்கம்’ என்று எழுதி டிக் அடித்துவிட்டேன். நன்றிக்குப் பதிலாக வந்தால் அது சரி. அடுத்த உரையாடலில் ஒருவர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு பிரெகோ என்கிறார். அங்கே ‘ஆஃப்டர் யூ’. காபி பாரில் கவுண்ட்டருக்குப் பின்னால் நிற்பவர் சொன்னால் ‘என்ன வேணும், சொல்லுங்க’. நாற்காலியைக் காட்டிச் சொன்னால் ‘உட்காருங்க’. இப்போது அந்த ஒரு சொல்லுக்கே அரைப் பக்கம் போய்விட்டது. அர்த்தத்துக்கு முன்னால், சொல்பவர் எங்கே நிற்கிறார் என்று குறித்துக்கொள்கிறேன்.

‘மகாரி’யிலும் சறுக்கல்தான். “லீவுக்குக் கடற்கரைக்குப் போகிறாயா?” “மகாரி!” ‘மேபி’ என்று போட்டேன். வாக்கியத்துக்கு நடுவில் வந்தால் அது பொருந்தும். இங்கே ஆச்சரியக்குறியோடு தனியாக நிற்கிறது: போகக் கொடுத்துவைக்கவில்லையே என்ற ஏக்கம். ‘ஐ விஷ்!’ என்று திருத்தினேன்.

‘நிபோதே’ இன்னும் மோசம். பேரன், பேத்தி, உடன்பிறந்தவர்களின் பிள்ளைகள் எல்லோருக்கும் அதே சொல். ‘மீயா நிபோதே’யைப் பள்ளியில் விட்டதாக ஒருவர் சொல்ல, ‘மீயா’ என்றதால் பெண் குழந்தை என்று புரிந்து, பேத்தியாக்கினேன். நாலு வரி தள்ளி ‘அவள் அம்மா, என் தங்கை’ என்று வருகிறது! நம் ஊரில் என்றால் அண்ணன் மகளா, தங்கை மகளா என்பது முதல் வரியிலேயே தெரிந்திருக்கும்.

பீட்சாவில் ‘பெபெரோனி’ என்றால் குடைமிளகாய். நான் அமெரிக்க நினைப்பில் இறைச்சியைப் போட்டுவிட்டேன். சரி, விடுங்கள்.

சுலபமாக வந்தது ‘மி பியாச்சே இல் காஃபே’. ‘எனக்குக் காபி பிடிக்கும்’ என்பதன் அதே கட்டு. ஆங்கிலத்துக்குத்தான் ‘எனக்கு’ என்பதை ‘நான்’ ஆக்க வேண்டியிருக்கிறது.

இன்று ஒன்பதுதான் முடிந்தது. பத்தாவது ‘புவோன் லவோரோ’. வேலைக்குக் கிளம்புகிறவரிடமும் சொல்கிறார்கள், வேலை செய்துகொண்டிருப்பவரிடம் விடைபெறும்போதும் சொல்கிறார்கள். ‘குட் வொர்க்’ என்று எழுதினால் முதுகில் தட்டிக்கொடுப்பதாகிவிடும். வலது பக்கம் இன்னும் காலியாகவே இருக்கிறது.